இது அந்தச் சரி இல்ல

எங்கப்பாவை நாடு கடத்துறதுன்னு நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.

நாடுன்னா ரொம்பப் பெருசா நினைச்சுக்காதீங்க. எங்கக்கா வீடுதான். பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தா வந்துடும். உடனே முகத்தைச் சுளிக்கிறீங்க பாருங்க, அதான் எனக்குப் பிடிக்காது. பெத்த அப்பனைத் துரத்துறான் பாவின்னு நினைக்கிறீங்க. என் தரப்பைக் கேட்டீங்களா? தூக்குல தொங்கப் போறவனுக்கே ஒரு வக்கீல் வச்சுக் கொடுக்குறாங்க. எனக்கு அதுகூடக் கிடையாதா?

நான் சட்டம் படிக்கிறேன். காதோரம் நரைச்சதுக்கு அப்புறம் படிக்கிறேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல மேஜை, நாற்காலி, தலைக்கு மேல ஃபேன், மாசமானா சம்பளம்னு ஒரு வேலை இருந்துச்சு. மேனேஜர் ஒரு நாள் நான் சொன்னது தப்புன்னாரு. இல்லைன்னேன். அந்த வாக்குவாதம் சாயங்காலம் முடிஞ்சப்ப அவருக்கு நாற்காலி இருந்துச்சு, எனக்கு இல்ல. எப்படியும் வாய்தான் நம்மளைக் கெடுக்குது, அந்த வாயை வச்சே பொழைப்போம்னு காலேஜ்ல சேர்ந்தேன். கூடப் படிக்கிற பசங்க என்னை "பெரியப்பா"ன்னு கூப்பிடுறானுங்க. கூப்பிட்டுட்டுப் போகட்டும். இப்ப கடைசிப் பரீட்சை தலைக்கு மேல நிக்குது. இந்த நேரத்துல எதிர்க்கட்டில்ல ஒரு மனுஷன் நாள் பூரா உக்காந்துக்கிட்டு "சரி, சரி"ன்னுட்டே இருந்தா எவனுக்குப் படிப்பு ஏறும்?

அந்த மனுஷன்தான் எங்கப்பா.

அப்பா பஸ்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவரு. எவன் என்ன சொன்னாலும் நம்பாதேன்னு சம்பளம் கொடுத்து வச்சிருந்தாங்க. "டிக்கெட் காத்துல பறந்துடுச்சு சார்"னு எவனாவது சொன்னா, "காத்து அந்தப் பக்கம் அடிக்கலையே"ம்பாரு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டுவாரு, புத்தியைக் கழட்ட மாட்டாரு. வகுப்புல நான்தான் முதல் மார்க்குன்னு ஓடி வந்து சொன்னா, "ஏன், மத்தவன்லாம் லீவா?"ம்பாரு. அவரு வாயில "சரி"ங்கிற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. போன் பேசி முடிக்கிறப்ப ஊர்ல எல்லாரும் "சரி, வச்சுடவா, சரி சரி"ன்னு வாலை இழுத்துட்டே போவாங்க இல்ல? அவரு "ம்"னு சொல்லி வெட்டிடுவாரு.

அந்தச் சரியை நானும் விடாம கேட்டுப் பாத்தேன். வேலையை விட்டப்ப கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. சட்டம் படிக்கப் போறேன்னேன். "சட்டம் உன்னைப் படிக்கும்"னாரு. அதுக்கெல்லாம் முன்னாடி, இவளைக் கட்டிக்கிறேன்னு போய் நின்னேன். இவள்னா என் வீட்டுக்காரி. கண்ணாடிக் கடையில கண்ணு சோதிக்கிற வேலை. அதுக்கும் மாட்டேன். கல்யாணத்துக்கு வரல. எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. அதுக்காக நானும் அவரும் போட்ட சண்டையில தெரு நாய்ங்களே வேற தெரு பாத்துக்கிச்சு.

அப்படிப்பட்டவரு ஒரு நாள் காலையில பல்லு விளக்கப் போன இடத்துல சாஞ்சுட்டாரு. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. வலது கை போச்சு. வலது கால் போச்சு. பேச்சும் போச்சு. பேச்சு மட்டும் மொத்தமா போகல. எரிஞ்ச வீட்டுல ஒரே ஒரு டம்ளர் மிஞ்சுற மாதிரி ஒரே ஒரு வார்த்தை மிஞ்சிச்சு. எதுன்னு நினைக்கிறீங்க?

"சரி."

நான் டாக்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். "எப்படி சார் இது? வாழ்க்கையில அவர் தொடாத வார்த்தை சார் அது!"

"அதான் தேயாம இருக்கு போல"ன்னாரு டாக்டர்.

"சரியாயிடுமா?"

"சரியாகலாம். ஆகாமலும் போகலாம். சரியா?"

அவர் சொன்ன ரெண்டு சரியில ஒண்ணுகூட எனக்கு உதவல. கிளம்புறப்ப மட்டும் தோள்ல தட்டிச் சொன்னாரு. "நீங்க பேசுறது அவருக்கு எல்லாம் புரியும். உள்ள எல்லாம் அப்படியே இருக்கு. வெளிய வர்றதுக்குத்தான் ஒரே கதவு."

ஆஸ்பத்திரி வராண்டாவுல நானும் அக்காவும் நின்னு, யார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு வாதாடிட்டு இருந்தோம். நான் ஏழு காரணம் சொன்னேன். அக்கா எட்டு சொன்னா. நாங்க ஒன்பதாவதுக்கு வர்றதுக்குள்ள என் பொண்டாட்டி வண்டியைப் பிடிச்சு, மாமனாரை அதுல ஏத்தி, தலைக்குத் தலகாணியும் வச்சுட்டா. அவரு கல்யாணத்துக்குக்கூட வராத மருமக. "போலாமா மாமா?"ன்னா. "சரி"ன்னாரு.

எங்க வீடு ரெண்டே ரூம். முன் ரூம்ல ஜன்னலோரமா அவர் கட்டில், எதிர்ல என் மேஜை. அன்னிலேர்ந்து ஆரம்பிச்சது.

"கஞ்சி குடிக்கிறீங்களாப்பா?"

"சரி."

கொண்டு போனா வாயை மூடிக்குவாரு.

"அப்ப வேணாமா?"

"சரி."

"ஜன்னலைச் சாத்தவா?"

"சரி."

சாத்துவேன். "சரி! சரி! சரி!" இடது கையால கட்டிலை அடிப்பாரு. திறப்பேன். "சரி." எனக்குத் தலை சுத்தும். பொறந்ததுலேர்ந்து நான் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத வார்த்தை, இப்ப கெட்டுப்போன குழாய் மாதிரி சொட்டிக்கிட்டே இருக்கு. லாட்டரி அடிச்ச அன்னிக்கே அந்த நோட்டெல்லாம் செல்லாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு எனக்கு.

இவளுக்கு மட்டும் அவரோட எந்தக் கஷ்டமும் இல்ல. கடையில லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா இருக்கா... இல்ல இதுவா?"ன்னு கேட்டுக் கேட்டு அவளுக்கு அதே பழக்கம். வீட்டுலயும் ஒரு கையில நீலச் சட்டை, ஒரு கையில வெள்ளைச் சட்டை. "இதுவா மாமா... இதுவா?" அவரு ஒண்ணுல சரின்னு நிறுத்துவாரு. வேலை முடிஞ்சுது. நான் அதே மாதிரி கேட்டா ரெண்டுக்கும் சரிம்பாரு. என்னை வெறுப்பேத்தணும்னே சொல்றாருன்னு நான் வாதாடினேன். "இருக்கும்"னா இவ.

ஒரு நாள் நான் கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்தா, தரை துடைக்கிற மெஷின் விக்கிற ஆள் ஒருத்தன் எங்க வாசல்ல உக்காந்து தண்ணி குடிச்சிட்டு இருக்கான். வேர்த்து ஊத்துது.

"என்னப்பா?"

"சார், உள்ள இருக்குற பெரியவர் நான் எதைச் சொன்னாலும் சரி சரிங்கிறாரு."

"அப்புறம் என்ன, வித்துட வேண்டியதுதானே?"

"இல்ல சார். அவர் சரி சொல்லச் சொல்ல எனக்கே என் மெஷின் மேல சந்தேகம் வந்துடுச்சு."

நான் சிரிச்சேன். அப்ப எனக்கு அவ்வளவுதான் உறைச்சது.

சரி, கதைக்கு வர்றேன். (பாத்தீங்களா, எனக்கும் தொத்திக்கிச்சு.) ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு அவ தட்டு கழுவிட்டு இருந்தப்ப போய் நின்னேன்.

"ஒரு விஷயம் பேசணும்."

"சரி."

"அப்பாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். பரீட்சை வருது. என்னால முடியல."

"சரி."

நான் பெருசா வாதம் தயார் பண்ணி வச்சிருந்தேங்க. அவ அழுவா, அதுக்கு ஒரு பதில். திட்டுவா, அதுக்கு ஒரு பதில். 'உங்களைப் பெத்தவராச்சே'ம்பா, அதுக்குன்னே மூணு பதில். எல்லாம் வீணாப் போச்சு.

"என்ன சரி?"

"சரின்னா சரி."

"கோவமா சொல்றியா, சம்மதிச்சுச் சொல்றியா?"

"உங்களுக்கு எது வசதியோ அதை எடுத்துக்குங்க."

"அக்கா ஒத்துக்கணும்ல? 'அப்பா மனசு நோகாம வந்தா வரட்டும்'பா அவ. அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவளை வரச் சொல்லு. அவ முன்னாடி நான் கேப்பேன். 'அக்கா வீட்டுக்குப் போறீங்களாப்பா?' அவர் என்ன சொல்லுவாரு?"

"சரிம்பாரு."

"அவ்வளவுதான்! சுயநினைவோட, சாட்சி முன்னாடி, யாரும் வற்புறுத்தாம கொடுத்த சம்மதம். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்."

"வேற எதையும் அவரால சொல்ல முடியாதே."

"அது அவர் பிரச்சினை."

அவ தட்டைக் கவுத்து வச்சா. ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டா. "நான் அண்ணிக்குப் போன் பண்ணிடறேன். ஆனா ஒண்ணு. அன்னிக்குப் பாத்து மாமா கட்டிலை அடிச்சுக்கிட்டுக் கத்தினா? அண்ணி பயந்துடுவாங்க. நீங்க கேக்குறப்ப அவர் நல்லபடியா சொல்லணும் இல்ல?"

"அதுவும் வாஸ்தவம்தான்."

"நடுவுல நாள் இருக்கு. மேஜையை விட்டு எழுந்து அவர் பக்கத்துல உக்காருங்க. பேச்சுக் கொடுங்க. எப்படிக் கேட்டா எப்படிச் சொல்றாருன்னு பாத்து வச்சுக்குங்க. சாட்சியைத் தயார் பண்ணாத வக்கீல் உண்டா?"

வக்கீல்! அந்த வீட்டுல என்னை வக்கீல்னு சொன்ன முதல் ஆள் அவதான். எனக்குக் காது வரைக்கும் குளிர்ந்து போச்சு. மறுநாளே நாற்காலியை இழுத்துட்டுப் போய்க் கட்டில் பக்கத்துல போட்டேன்.

"அப்பா, அக்கா வீட்டுக்குப் போலாமா?"

"சரி." டிக்கெட்ல ஓட்டை போடுற மாதிரி, டக்குனு.

அப்புறம் என்ன பேசுறது? எனக்கும் அவருக்கும் சண்டை போடாம பேசிப் பழக்கமே கிடையாது. சும்மா உக்காந்திருக்குறதுக்குப் பதிலா புத்தகத்தை எடுத்து உரக்கப் படிச்சேன். ஒரு சுவரு சாஞ்சு பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிள் மேல விழுந்த வழக்கு. சைக்கிள்காரன் தரப்பை நான் எடுத்துக்கிட்டேன். கையை நீட்டி, குரலை ஏத்தி, நீதிபதி எதிர்ல நிக்கிற மாதிரி முழங்கினேன். "ஆகவே, சுவருக்குச் சொந்தக்காரர்தான் முழுப் பொறுப்பு!"

அப்பா ஜன்னல்லேர்ந்து திரும்பினாரு. ஒரு புருவத்தைத் தூக்கினாரு. "சரீஈஈ..."

அந்த இழுவை எனக்குத் தெரியும். காத்து அந்தப் பக்கம் அடிக்கலையேங்கிற இழுவை அது. முதல் மார்க் வாங்கிட்டு வந்த அன்னிக்கு வாசல்ல நின்னு நான் கேட்ட அதே குரல்.

"ஏன், இதுல என்ன தப்பு?"

"சரி."

"சுவர் சாஞ்சிருக்குன்னு அவனுக்குத் தெரியாதா?"

"சரி, சரி."

"யாராவது அவன்கிட்ட முன்னாடியே சொன்னாங்களாங்கிறீங்களா?"

"சரி!" கட்டில்ல ஒரு அடி.

புத்தகத்தைப் புரட்டினா, தீர்ப்பே அதுலதான் நிக்குது. முன்கூட்டி எச்சரிக்கை பண்ணாங்களா இல்லையான்னு. காலேஜ்ல ஒரு வாத்தியார்கூட இதை என் மண்டையில இவ்வளவு அழுத்தி ஏத்தல.

அப்புறம் தினமும் இதே பொழப்பு. சாயங்காலம் இவ கடையிலேர்ந்து வந்து கதவைத் திறந்தா, நாங்க ரெண்டு பேரும் அடிவயித்துலேர்ந்து கத்திட்டு இருப்போம். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால கூரையை இடிச்சுட்டு இருப்பாரு.

"என்னங்க நடக்குது இங்க?"

"நீ சும்மா இரு! ஒரு ஒப்பந்தத்தை எப்படிப் படிக்கணும்னே இவருக்குத் தெரியல!"

அப்பா என்னைக் காட்டி அவகிட்ட "சரி!"ன்னாரு. யாருக்குத் தெரியலன்னு கேட்டுப் பாரும்மான்னு அர்த்தம். இவ சிரிச்சுக்கிட்டே உள்ள போனா. கொஞ்ச நேரம் வெளிய வரல. வந்தப்ப முகம் கழுவியிருந்தா.

அந்த ஒரு வாரத்துல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரு சரியில "மேல சொல்லு" இருந்துச்சு. ஒண்ணுல "முதுகு வலிக்குது" இருந்துச்சு. மூத்திரம் வந்தா வர்ற சரி வேற, வந்து முடிஞ்சுட்டா வர்ற சரி வேற. அந்த ரெண்டாவதுல அவரு கண்ணு என்னைப் பாக்காது. துணி மாத்தி முடிக்கிற வரைக்கும் ஜன்னலையே பாத்துட்டு இருப்பாரு. பஸ்ஸையே நிறுத்தி வச்ச மனுஷன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் பையைக் கட்டினேன். துணி, மாத்திரை, சவரக் கத்தி. அப்பா பாத்துக்கிட்டே இருந்தாரு. பையை ஒதுக்கிட்டு நேராவே கேட்டேன்.

"அப்பா. நான் வேலையை விட்டதுல தப்பில்லையே?"

"சரீஈஈ..."

பாத்தீங்களா! மூளையில பாதி போயும் ஒத்துக்கல! தலையில இடி விழுந்தாலும் ஒத்துக்க மாட்டாரு! நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். சிரிச்சுட்டே இருந்தப்ப அது எப்பவோ வேறயா மாறிடுச்சு. சட்டைக் கையால முகத்தைத் துடைச்சுக்கிட்டேன். உள்ளதான் இருக்காரு. எங்கப்பா எங்கயும் போகல.

அதே சூட்டோட இன்னொண்ணும் கேட்டேன். "இவளைக் கட்டிக்கிட்டது?"

அவரு அடுப்படி பக்கம் பாத்தாரு. அங்க அவ பாத்திரத்துல அடிப்பிடிச்சதைச் சுரண்டிட்டு இருந்தா.

"சரி."

தூங்குற வீட்டுல டம்ளரைச் சத்தம் வராம வைக்கிற மாதிரி. அந்தச் சரியை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. அவகிட்ட சொல்லல. எதுக்குச் சொல்லணும்? பொறந்ததுலேர்ந்து க்யூவுல நிக்கிறவன் நான், நேத்து வந்தவளுக்கு டிக்கெட்!

அப்பவே பையைப் பிரிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. கேப்பீங்கன்னு தெரியும். தோத்துட்டேன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தா, அவளுக்காக விட்டுக் கொடுக்கிறேன்னு சொல்லி மானத்தோட பின்வாங்கியிருப்பேன். அவதான் சரின்னுட்டாளே! எங்க இருந்து பின்வாங்குறது?

ஞாயித்துக்கிழமை அக்கா வந்தா. பள்ளிக்கூட ஆபீஸ்ல இருக்குறவ. உள்ள வரும்போதே யாரையோ அதட்டிக்கிட்டேதான் வருவா. கையில ஒரு பை ஆரஞ்சுப் பழம், தோள்ல கைப்பை. அப்பா பக்கத்துல உக்காந்து அவர் கையைத் தடவினா.

"இளைச்சுட்டீங்களேப்பா. இவன் ஒழுங்கா சோறு போடுறானா?"

"சரி"ன்னாரு அப்பா. போடுறது அவன் இல்லேன்னு அர்த்தம்.

நான் எழுந்து நின்னேன். தொண்டையைக் கனைச்சேன். "அக்கா, நீதான் சாட்சி. யாரும் அவரை வற்புறுத்தல. அப்பா, அக்கா வீட்டுக்குப் போய் இருக்கீங்களா?"

அப்பா என்னைப் பாத்தாரு. மூலையில கட்டி வச்சிருந்த பையைப் பாத்தாரு. மறுபடி என்னைப் பாத்தாரு.

"சரி."

அதுல இழுவை இல்ல. கோவம் இல்ல. கட்டிலை அடிக்கல. ரொம்ப நாளைக்கு முன்னாடி அப்பா ஒரு தடவை சொல்லியிருக்காரு. "டிக்கெட் எடுக்காதவன்தான்டா வாதாடுவான். நிஜமாவே பர்ஸைத் தொலைச்சவன் வாதாட மாட்டான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு இறங்கிடுவான்." அந்தச் சரி அது. இறங்கிடறேன்ங்கிற சரி.

"அவரே சொல்லிட்டாரு. முடிஞ்சுது போ"ன்னா அக்கா. "பை ரெடியா?"

"சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம் அண்ணி"ன்னா என் பொண்டாட்டி அடுப்படியிலேர்ந்து.

"இரு. அது செல்லாது"ன்னேன் நான்.

"எது?"

"இப்ப சொன்ன சரி. அது சம்மதம் இல்ல."

"சரின்னா சம்மதம் இல்லாம வேற என்னடா?"

"சரின்னா ஆயிரம் இருக்கு! வீட்டுக்காரர் போன் பண்ணினா நீ சரி சரிங்கிறியே, அவர் சொல்றதை என்னிக்காவது கேட்டிருக்கியா?"

"அது வேற."

"டிரைவர்கிட்ட சரி போன்னா வண்டியை எடுன்னு அர்த்தம். பிள்ளைங்ககிட்ட சரி போன்னா ஆளை விடுன்னு அர்த்தம். சரியான ஆளுன்னா திருடன். சரிக்குச் சரின்னா அடிதடி. அம்மா போனப்ப வந்தவங்க எல்லாரும் 'சரி, என்ன பண்றது'ன்னாங்களே, அம்மா சாகுறதுக்கு அவங்க சம்மதம் கொடுத்தாங்களா?"

அக்கா தோள்லேர்ந்து கைப்பையைக் கழட்டிக் கீழ வச்சா. "அப்ப இவர் என்னதான் சொன்னாரு?"

"'என்னால உனக்குத் தொந்தரவு, நான் இறங்கிக்கிறேன்'னாரு."

"ஒத்த வார்த்தையிலயா?"

"ஆமா."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"எனக்குத் தெரியும்!" குரல் உடைஞ்சுடுச்சு. கோர்ட்ல இப்படி உடைஞ்சா கேஸ் போச்சு. "தினமும் இவரோட சண்டை போடுறவன் நான். எனக்குத் தெரியாம உனக்கா தெரியும்?"

"அப்ப அனுப்ப மாட்ட."

"மாட்டேன்."

"பரீட்சைன்னியே?"

"இவர் இல்லாம எவன்கிட்ட வாதாடிப் படிக்கிறது?"

"சரீஈஈ..."ன்னாரு அப்பா.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"'நீ பாஸாகிக் கிழிச்ச'ன்னு அர்த்தம்."

அடுப்படியில ஏதோ கரண்டி கீழ விழுந்துச்சு. அவ சிரிச்சாளா அழுதாளான்னு நான் போய்ப் பாக்கல.

சாப்பிட்டு முடிச்சு அக்கா கிளம்பினா. அப்பா முன்னாடி குனிஞ்சு, "போயிட்டு வரேன்பா"ன்னா.

"சரி." அவரு ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருந்தாரு. களைச்சுப் போயிருந்தாரு. அதுல ஒண்ணுமே இல்ல. வெறும் சரி.

அக்கா நகரல. என் கையைப் பிடிச்சா. "டேய், எனக்கு என்ன சொன்னாரு?"

நான் பொய் பேச மாட்டேன்னு என் எதிரிகளுக்கே தெரியும். "'அடிக்கடி வந்துட்டுப் போம்மா'ன்னாருக்கா."

அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. பொய்ச் சாட்சி. சட்டப்படி குத்தம். எந்த நீதிபதி கேட்டாலும் மறுபடியும் அதையேதான் சொல்லுவேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். "இவ்வளவு தூரம் வந்தும் உன்னை வெறுங்கையோட அனுப்புறேன். மனசுல வச்சுக்காதக்கா. வண்டிக்கு வேற சொல்லி வச்சிருப்ப."

"வண்டியா? எந்த வண்டி?"

"அப்பாவைக் கூட்டிட்டுப் போக."

"என் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலயே சொன்னேன், நீ எங்க காதுல வாங்கின? அவரை நான் எப்படிடா ஏத்துவேன்? ஆசை இல்லாமலா இத்தனை நாள் பேசாம இருக்கேன்?" கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "உன் பொண்டாட்டி அன்னிக்கே போன்ல சொல்லிட்டாளே. 'நீங்க சும்மா வந்து கூட்டிட்டுப் போற மாதிரி தலையாட்டுங்க அண்ணி. நான் வேணாம்னா உங்க தம்பி கேக்க மாட்டாரு. அவரே வேணாம்பாரு'ன்னு."

பஸ் வந்துடுச்சு. ஏறி உக்காந்து ஜன்னல் வழியா, "நல்லா வாதாடினடா"ன்னா.

வீட்டுக்கு வந்தேன். அவ அப்பாவுக்கு ஆரஞ்சு உரிச்சுட்டு இருந்தா. நான் வாயைத் திறந்தேன். அவ நிமிந்து, "பையைப் பிரிச்சு அடுக்கிடுங்க. நாளைக்குச் சட்டை வேணும்"னா. திறந்த வாயை மூடிக்கிட்டேன்.

அலமாரி முன்னாடி உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். வெள்ளைச் சட்டையை மடிச்சு வச்சேன்.

"சரி"ன்னாரு அப்பா.

பிரிச்சு மறுபடியும் மடிச்சேன்.